கணக்குப் போட்டுப் பார்த்த டாக்டர்



ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரை ஒரு தடவையாவது தாண்டி வந்தவங்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. ஒரு பம்ப் இருக்கு. ஒரு தடவை அடிச்சா ஏறத்தாழ 70 மில்லி திரவத்தை வெளியே தள்ளும். நிமிஷத்துக்கு 70 தடவை அடிக்கும். அப்போ ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு? கிட்டத்தட்ட 5 லிட்டர். ஒரு நாளைக்கு? 7,000 லிட்டர். மொட்டை மாடியில வைக்கிற 1,000 லிட்டர் தண்ணித் தொட்டி ஏழு! ஆனா அந்த சிஸ்டத்துல இருக்கிற மொத்தத் திரவமே 5 லிட்டர்தான். அப்படின்னா அந்த 7,000 லிட்டர் எங்கிருந்து வருது? எங்கே போகுது?

பதில் உங்களுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். அதே 5 லிட்டர்தான் சுத்திச் சுத்தி வருது. அந்த பம்ப் வேறெங்கும் இல்லை, உங்க நெஞ்சுக்குள்ளதான் இருக்கு. பள்ளிக்கூடத்திலேயே படிச்ச விஷயம், இதுல என்ன பெரிய அதிசயம்னு கேட்கலாம். அதிசயம் இதுதான்: உலகத்தின் மிகச் சிறந்த டாக்டர்கள் ஏறக்குறைய 1,400 வருஷமா இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்டு, கணக்குப் போட்டு, அந்தக் கணக்கின் விடையை நம்பி, அதற்கான விலையையும் கொடுத்த ஒருத்தரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் வில்லியம் ஹார்வி.

கேலன் சொன்னால் சரி

ஹார்விக்குப் போவதற்கு முன்னால் கேலன் என்பவரைப் பார்த்துவிட்டுப் போவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் அவர். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸுக்கே வைத்தியம் பார்த்தவர். மனித உடலை அறுத்துப் பார்க்க அங்கே வழியில்லாததால் குரங்கு, பன்றி என்று அறுத்துப் பார்த்து, மலைமலையாக எழுதிக் குவித்தார். சாதாரண ஆள் இல்லை. தமனிகளில் இருப்பது காற்று என்று மற்றவர்கள் நம்பிக்கொண்டிருந்தபோது, இல்லை, அங்கேயும் ரத்தம்தான் இருக்கிறது என்று நிரூபித்துக் காட்டியவரே அவர்தான்.

ஆனால் அவர் சொன்ன மொத்தக் கதை இப்படி: நாம் சாப்பிடும் சாப்பாடு கல்லீரலுக்குப் போய் ரத்தமாக மாறுகிறது. அங்கிருந்து சிரைகள் வழியாக எல்லா உறுப்புக்கும் போகிறது. வாய்க்கால் தண்ணி வயலுக்குப் பாய்கிற மாதிரி. வயல் தண்ணியைக் குடிச்சிடும், அதோட அது தீர்ந்தது. திரும்பி வராது. மறுநாள் சாப்பிட்டால் மறுபடி புது ரத்தம். இதில் கொஞ்சம் ரத்தம் இதயத்தின் வலது பக்கம் வந்து, நடுச்சுவரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகக் கசிந்து இடது பக்கம் போகும். அங்கே நுரையீரலிலிருந்து வரும் காற்றின் சாரத்தோடு கலந்து, உயிர்ச்சக்தியாகித் தமனிகளில் போகும்.

சிஸ்டத்தைப் பாருங்க. ஒரு பக்கம் இன்லெட், மறுபக்கம் எல்லாம் டெட் எண்டு. இதயம் இதில் பம்பே கிடையாது, ஒரு அடுப்பு மாதிரி. இதைத்தான் ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்தினார்கள். அறுக்கும்போது உள்ளே இருப்பது கேலன் சொன்னதற்கு மாறாக இருந்தால், இந்த உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டியவர்களும் உண்டு.

நடுவில் சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் மருத்துவம் பார்த்த இப்னு அல்-நஃபீஸ், இதயத்தின் நடுச்சுவரில் துளையே கிடையாது, ரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் இடது பக்கம் வரணும் என்று எழுதினார். அது ஐரோப்பாவின் மருத்துவப் பாடத்துக்குள் வரவில்லை. 1543-இல் வெசாலியஸ் தன் பெரிய உடற்கூற்று நூலை வெளியிட்டார். பிறகு அந்தத் துளைகளைப் பற்றி வெளிப்படையாகவே சந்தேகப்பட்டார். மைக்கேல் செர்வீட்டஸ் நுரையீரல் சுற்றைப் பற்றித் தன் மத நூலுக்குள் எழுதினார். அந்த நூலின் மதக் கருத்துக்காக 1553-இல் ஜெனீவாவில் அவரை உயிரோடு எரித்தார்கள். இத்தாலியில் கொலம்போவும் நுரையீரல் சுற்றை விளக்கினார். ஆக, துண்டு துண்டாக விடை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. மொத்தமாகச் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

ஃபோக்ஸ்டோன் டு பதுவா

ஹார்வி பிறந்தது 1578 ஏப்ரல் 1. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் ஃபோக்ஸ்டோன் என்ற ஊர். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். தம்பிகளில் பலர் பிற்காலத்தில் லண்டனில் பெரிய வியாபாரிகள் ஆனார்கள். மூத்தவருக்கு மட்டும் படிப்பு. கேன்டர்பரியில் பள்ளிக்கூடம், கேம்பிரிட்ஜில் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரி, 1597-இல் பட்டம்.

அந்தக் காலத்தில் மருத்துவம் ஒழுங்காகப் படிக்கணும்னா இத்தாலிக்குப் போகணும். ஹார்வி பதுவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே உடற்கூற்று ஆசிரியர் ஃபேப்ரீசியஸ். உடலை அறுத்துக் காட்டுவதற்கென்றே அப்போதுதான் ஒரு அரங்கம் கட்டியிருந்தார்கள். புனல் மாதிரி அமைப்பு. கீழே நடுவில் மேஜை, அதைச் சுற்றி ஆறு அடுக்கு மரத்தடுப்புகள். மாணவர்கள் உட்கார இடமில்லை, நின்றுகொண்டே குனிந்து பார்க்கணும். அந்த அரங்கம் இன்னும் இருக்கிறது. அதே சமயத்தில் அதே பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர் கலீலியோ. எதையும் அளந்து பார்க்கணும், எண்ணிப் பார்க்கணும் என்ற காற்று அங்கே அடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

ஃபேப்ரீசியஸ் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார். சிரைகளுக்குள்ளே சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. வால்வுகள். ஆனால் அவை எதற்கு? அவருடைய விளக்கம்: ரத்தம் கல்லீரலிலிருந்து வெளிப்பக்கமாகப் பாயும்போது, எல்லாம் ஒரேயடியாகக் கை கால்களில் போய்த் தேங்கிவிடாமல் வேகத்தைக் குறைக்கத்தான் இவை.

வால்வைக் கண்ணால் பார்த்தவர், கையால் வரைந்தவர். ஆனால் அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதன் அர்த்தம் அவருக்குப் பிடிபடவில்லை. கேலன் கதை மண்டையில் அவ்வளவு ஆழமாக இருந்தது. டேட்டா கையில் இருந்தும் மாடல் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேணுமா?

லண்டன் டாக்டர்

1602-இல் டாக்டர் பட்டத்தோடு ஹார்வி லண்டன் திரும்பினார். 1604-இல் எலிசபெத் பிரவுன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் அரண்மனை வைத்தியர். பிள்ளைகள் இல்லை. வீட்டில் மனைவி ஆசையாக வளர்த்த ஒரு கிளி மட்டும் இருந்தது. நன்றாகப் பேசியதால் அது ஆண் கிளி என்றே எல்லாரும் நினைத்திருந்தார்களாம். அது செத்ததும் ஹார்வி அறுத்துப் பார்த்தார். உள்ளே முட்டை! இதை அவரே பிற்காலத்தில் ஒரு நூலில் பதிவு செய்திருக்கிறார். எதை எடுத்தாலும் உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காமல் விடுற ஆள் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

1607-இல் மருத்துவர்கள் கல்லூரியின் ஃபெல்லோ. 1609-இல் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மருத்துவர். வாரத்தில் ஒரு நாளாவது வந்து ஏழை நோயாளிகளைப் பார்க்கணும் என்பது வேலை நிபந்தனை. 1615-இல் உடற்கூறு, அறுவை பற்றிச் சொற்பொழிவு நடத்தும் பொறுப்பும் வந்தது. 1618-இல் மன்னர் முதலாம் ஜேம்ஸின் மருத்துவர்களில் ஒருவர், அவருக்குப் பிறகு முதலாம் சார்லஸுக்கும் மருத்துவர். வெளியிலிருந்து பார்த்தால் செட்டில் ஆன வாழ்க்கை. பேசாமல் இருந்திருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் வீட்டில் அவர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உயிருள்ள விலங்குகளின் இதயத்தைத் திறந்து பார்ப்பது. இன்றைக்குப் படிக்கும்போது நமக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். மயக்க மருந்து என்ற பேச்சே இல்லாத காலம். அந்த விலங்குகள் பட்ட வேதனையும் இந்தக் கண்டுபிடிப்பின் கணக்கில் சேரும், அதை மறைக்க வேண்டியதில்லை.

முதலில் அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. நாயின் இதயம் அடிக்கிற வேகத்தில் எப்போ விரியுது, எப்போ சுருங்குதுன்னு கண்ணுக்குப் பிடிபடலை. இது கடவுளுக்கு மட்டுமே விளங்குகிற விஷயம்போல என்று நினைக்கும் அளவுக்குப் போய்விட்டார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். வேகமாக ஓடுவதைப் பார்க்க முடியலையா, மெதுவாக ஓடுவதைப் பார். தவளை, பாம்பு, மீன், நத்தை போன்றவற்றின் இதயம் மெதுவாக அடிக்கும். சாகும் தறுவாயில் இருக்கும் விலங்கின் இதயமும் அப்படியே. இன்றைக்கு நாம் ஸ்லோ மோஷனில் வீடியோ பார்ப்பதை அவர் இப்படிச் செய்தார்.

அப்போதுதான் தெரிந்தது. இதயம் வேலை செய்வது விரியும்போது இல்லை, சுருங்கும்போதுதான். கையை முஷ்டி பிடிக்கும்போது தசை இறுகுகிற மாதிரி, அது இறுகி ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அந்த நேரத்தில்தான் கையில் நாடி துடிக்கிறது. மேல் அறைகள் முதலில் சுருங்கும், அடுத்து கீழ் அறைகள். அடுப்பு இல்லை இது. பம்ப்.

அந்தக் கணக்கு

இப்போ கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வந்தாச்சு.

பம்ப் என்று தெரிந்ததும் ஹார்வி கேட்ட கேள்வி, எந்த இன்ஜினியரும் முதலில் கேட்கும் கேள்விதான்: டிஸ்சார்ஜ் எவ்வளவு? இறந்த ஒருவரின் இடது வெண்ட்ரிக்கிளில் இரண்டு அவுன்ஸுக்கும் மேல் ரத்தம் இருந்ததை அவர் பார்த்திருந்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் அதில் எவ்வளவு வெளியே போகும்? தெரியாது. அளக்கக் கருவி கிடையாது. அதனால் வேண்டுமென்றே குறைத்து எடுத்துக்கொண்டார். அரை அவுன்ஸ் என்று வைத்துக்கொள்வோம், நம் அளவில் சுமார் 15 மில்லி. நிஜத்தில் போவது இதைப்போல நாலைந்து மடங்கு. அரை மணி நேரத்தில் இதயம் 1,000 தடவை துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் 2,000-க்கும் மேல்.

இவ்வளவு குறைத்துப் போட்டாலும் வருவது என்ன? 15 மில்லி × 1,000 = 15 லிட்டர். வெறும் அரை மணி நேரத்தில்! மொத்த உடம்பிலும் அவ்வளவு ரத்தம் கிடையாது. ஒரு ஆட்டையோ மாட்டையோ வெட்டினால் எவ்வளவு ரத்தம் வரும் என்பது கசாப்புக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.

இப்போ கேலன் கதைக்கு வாங்க. ரத்தம் திரும்பி வராது, சாப்பாட்டிலிருந்து புதுசாகத்தான் வரணும் என்றால், அரை மணி நேரத்துக்கு 15 லிட்டர் ரத்தம் உற்பத்தி ஆகணும். எந்த மனுஷன் அவ்வளவு சாப்பிடுவான்? சரி, அப்படியே வந்தாலும் அது போகிற இடம் எது? கை கால் வெடிச்சுப் போயிடுமே.

மாஸ் பேலன்ஸ். உள்ளே வருவது, வெளியே போவது, உள்ளே தேங்குவது, மூன்றும் ஒத்துப்போகணும். கேலன் மாடலில் ஒத்துப்போகவே இல்லை. ஒத்துப்போக ஒரே ஒரு வழிதான் உண்டு: வெளியே போன ரத்தமே திரும்ப உள்ளே வரணும். குளோஸ்டு லூப்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. அவர் எடுத்த எண்கள் சரியானவை இல்லை. ரொம்பவே குறைவு. ஆனாலும் விடை மாறவில்லை. ஏன்? தன் கருத்துக்கு எதிரான பக்கமாகவே ரவுண்ட் பண்ணினார். எதிராளிக்கு எவ்வளவு சலுகை கொடுக்க முடியுமோ அவ்வளவும் கொடுத்துவிட்டு, அப்படியும் உன் கதை நிற்காது என்று காட்டினார். துல்லியமான டேட்டா இல்லாதபோது ஒரு முடிவை எப்படி உறுதியாக நிறுவுவது என்பதை நாம் இங்கேதான் கத்துக்கணும்.

நீங்களே செய்து பார்க்கலாம்

கணக்கு மட்டும் போதாது, ஆதாரம் வேணும். ஹார்வி கையில் ஒரு கட்டு கட்டினார். முழங்கைக்கு மேல் ரொம்ப இறுக்கமாகக் கட்டினால் மணிக்கட்டில் நாடி நின்றுவிடும். கை வெளுத்து, மெல்லக் குளிர்ந்துபோகும். கட்டுக்கு மேல் பக்கம் தமனி புடைத்துத் துடிக்கும். கட்டைக் கொஞ்சம் தளர்த்தினால்? உடனே கை சிவந்து, வீங்கி, கட்டுக்குக் கீழே சிரைகள் புடைக்கும்.

காரணம் இது. தமனி ஆழத்தில் இருக்கிறது, சுவர் தடிப்பு, உள்ளே அழுத்தமும் அதிகம். அதை அடைக்க ரொம்ப இறுக்கணும். சிரை தோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சுவர் மெல்லியது, லேசாகக் கட்டினாலே அடைபடும். கட்டைத் தளர்த்தும்போது தமனி திறந்துவிடுகிறது, சிரை திறக்கவில்லை. ரத்தம் தமனி வழியாக உள்ளே வருகிறது, சிரை வழியாகத் திரும்பிப் போக முடியாமல் தேங்குகிறது. ஆக, போகும் வழி தமனி, வரும் வழி சிரை.

அடுத்த சோதனையை இப்போதே நீங்கள் செய்து பார்க்கலாம். முழங்கைக்கு மேல் ஒரு துண்டை லேசாகச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். முன்கையில் சிரைகள் புடைத்துத் தெரியும், நடுநடுவே சின்ன முடிச்சு மாதிரி இருக்கும். அதுதான் வால்வு. ஒரு சிரையின் கீழ்ப்பகுதியை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி ரத்தத்தை வழித்து, அடுத்த முடிச்சைத் தாண்டித் தள்ளிவிடுங்கள். நடுவில் சிரை காலியாகிவிடும். மேலே போன ரத்தம் கீழே இறங்காது. கீழே அழுத்திய விரலை எடுத்ததும் டக்குனு நிரம்பும்.

நம்ம கிணத்து மோட்டார் லைனில் போடுகிற நான்-ரிட்டர்ன் வால்வுதான் இது. இதயத்தை நோக்கி மட்டும் திறக்கும். அவருடைய ஆசிரியர் வேகத்தடை என்று நினைத்ததை, ஒருவழிப் பாதை என்று மாணவர் புரிந்துகொண்டார்.

பாம்பிடமும் ஒரு சோதனை செய்தார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் சிரையைப் பிடித்து அமுக்கினால் இதயம் காலியாகி வெளுத்துப் போனது. வெளியே போகும் தமனியை அமுக்கினால் இதயம் வீங்கிக் கறுத்தது. சக்ஷன் லைனை அடைத்தால் ஒன்று, டெலிவரி லைனை அடைத்தால் இன்னொன்று. இதற்கு மேல் என்ன விளக்கம் வேணும்?

இன்றைக்கு நமக்குத் தெரிந்த படம்

அந்த பம்பை இன்றைய அறிவோடு ஒரு தடவை பார்த்துவிடுவோம். உங்கள் முஷ்டி அளவுதான், எடை சுமார் 300 கிராம். உண்மையில் இது ஒரு பம்ப் இல்லை, சீரீஸில் இணைத்த இரண்டு பம்ப். வலது பக்கம் உடம்பிலிருந்து வரும் ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்குத் தள்ளும். இடது பக்கம் நுரையீரலிலிருந்து வரும் ரத்தத்தை வாங்கி உடம்பு முழுக்கத் தள்ளும். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒரு ஏட்ரியம், கீழே ஒரு வெண்ட்ரிக்கிள். மொத்தம் நாலு வால்வு. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கிற லப்-டப் சத்தம், இந்த வால்வுகள் மூடும்போது வருவது.

நுரையீரல் பக்கத்தில்தான் இருக்கு, அதனால் வலது பக்கத்துக்குக் குறைந்த அழுத்தம் போதும். இடது பக்கம் தலையிலிருந்து கால் விரல் வரை அனுப்பணும். அதனால் இடது வெண்ட்ரிக்கிள் சுவர் வலதைப்போல சுமார் மூன்று மடங்கு தடிப்பு. பிபி 120 என்பது அங்கே உருவாகும் அழுத்தம். 120 மில்லிமீட்டர் பாதரசம், தண்ணீரில் சொன்னால் 1.6 மீட்டர் உயரம்.

தமனிச் சுவர் ரப்பர் மாதிரி விரிந்து சுருங்கும். இதயம் விட்டு விட்டு அடித்தாலும் ரத்தம் விடாமல் ஓட இதுதான் காரணம். சர்ஜ் டேங்க் செய்கிற வேலை. வயதாகி இந்தச் சுவர் விறைத்துப் போனால் பிபி ஏறுவதும் இதனால்தான். தமனி கிளை பிரிந்து பிரிந்து கடைசியில் தந்துகிகள் ஆகிறது. ஒரே ஒரு செல் தடிப்புள்ள சுவர், ரத்தச் சிவப்பணு வரிசையில் ஒவ்வொன்றாகத்தான் நுழைய முடியும். தனித்தனியாகச் சின்னது என்றாலும், எல்லாத் தந்துகிகளின் குறுக்குப் பரப்பையும் கூட்டினால் மகாதமனியைப்போல பல நூறு மடங்கு. கன்டினியுட்டி ஈக்வேஷன் ஞாபகம் இருக்கா? பரப்பு கூடினால் வேகம் குறையணும். தந்துகியில் ரத்தம் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவாக ஊர்கிறது. ஆக்சிஜனையும் உணவையும் செல்களுக்கு இறக்கிவிட்டு, கழிவை ஏற்றிக்கொள்ள நேரம் வேணுமே.

அங்கிருந்து சிரைகள். உடம்பின் ரத்தத்தில் பாதிக்கும் மேல் எந்த நேரமும் இவற்றில்தான் இருக்கும். கால் சிரையிலிருந்து மேலே ஏற, கெண்டைக்கால் தசை பிழிந்துவிடணும், வால்வு கீழே இறங்காமல் தடுக்கணும். மணிக்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்து கோட் அடிப்பவர்கள் நடுவில் எழுந்து நாலு எட்டு நடந்துட்டு வாங்க.

புத்தகமும் அதன் விலையும்

ஹார்வி இதையெல்லாம் ஒன்பது வருஷத்துக்கும் மேலாக மருத்துவர்கள் கல்லூரியில் தன் சக டாக்டர்களுக்குக் காட்டி, அவர்களின் மறுப்புகளைக் கேட்டு, பதில் தேடினார். கடைசியாக 1628-இல், தன் 50-ஆவது வயதில், புத்தகமாக வெளியிட்டார். லத்தீனில், 72 பக்கம். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் அச்சானது, புத்தகச் சந்தை நடக்கும் ஊர் என்பதால் ஐரோப்பா முழுக்கப் போய்ச் சேரும். ஆசிரியர் ஒரு நாட்டில், அச்சகம் இன்னொரு நாட்டில். ஏகப்பட்ட அச்சுப்பிழை! சுருக்கமாக டி மோட்டு கார்டிஸ் என்று சொல்லப்படும் அந்தப் புத்தகம்தான் இன்றைய உடலியங்கியலின் தொடக்கம்.

வெளியிடும்போதே அவருக்குப் பயம் இருந்தது. சிலருடைய பொறாமை மட்டுமில்லை, ஊரே எதிரியாகிவிடுமோ என்ற பயம். அதைப் புத்தகத்துக்குள்ளேயே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பயந்தது சரிதான். இவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. நோயாளிகள் குறைந்தார்கள். அவருடைய நண்பர் ஜான் ஆப்ரி இதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். பாரிஸின் புகழ்பெற்ற உடற்கூற்று அறிஞர் ரியோலான் கடைசிவரை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஹார்வி அவசரப்படவில்லை. ரியோலானுக்கு அவர் அச்சில் பதில் சொன்னது 1649-இல், புத்தகம் வந்து 21 வருஷம் கழித்து.

இன்னொரு உண்மையையும் சொல்லணும். இவ்வளவு கண்டுபிடித்தவர், அந்தக் காலத்து வழக்கப்படி நோயாளிகளின் ரத்தத்தைக் கீறி வெளியேற்றும் வைத்தியத்தை விடவே இல்லை. மாடலை மாற்றியவரால் பழக்கத்தை மாற்ற முடியவில்லை. அவர் காலத்தில் இந்தக் கண்டுபிடிப்பு ஒரு நோயாளியையும் குணப்படுத்தவில்லை என்றே சொல்லலாம். அப்போ எதுக்கு இதுன்னு கேட்டவர்களுக்கு அவரிடம் கையில் காட்ட ஒன்றும் இல்லை. உண்மை என்பதைத் தவிர.

ராஜாவின் டாக்டர்

மன்னர் சார்லஸுக்கு ஹார்வியைப் பிடிக்கும். ஆராய்ச்சிக்கு அரண்மனைக் காட்டு மான்களைக் கொடுத்தார். 1634-இல் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்ட நாலு பெண்களைப் பரிசோதிக்கும் குழுவுக்கு ஹார்வியைப் பொறுப்பாக்கினார். சூனியக்காரியின் உடம்பில் சாத்தானின் அடையாளம் இருக்கும் என்று நம்பிய காலம். அசாதாரணமாக ஒன்றுமே இல்லை என்று அறிக்கை வந்தது. குற்றம் சாட்டிய சிறுவனும் அது தன் கட்டுக்கதை என்று ஒத்துக்கொண்டான்.

இன்னொரு சம்பவம். அயர்லாந்துப் பிரபு வீட்டு இளைஞன் ஒருவன். சின்ன வயதில் கீழே விழுந்து நெஞ்சில் பட்ட காயம் மூடாமலே ஆறி, உள்ளே இதயம் துடிப்பது தெரிந்தது. ஹார்வி அவனை மன்னரிடம் அழைத்துப் போனார். இருவரும் தொட்டுப் பார்த்தார்கள். அவனுக்குத் தொட்டதே தெரியவில்லை. உணர்ச்சிகளின் இருப்பிடம் என்று கவிஞர்கள் பாடிய இதயத்துக்குத் தொடு உணர்ச்சி கிடையாது!

1642-இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் வந்தது. எட்ஜ்ஹில் சண்டையின்போது இளவரசர்கள் இருவரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஹார்விக்கு. வேலியோரம் உட்கார்ந்து அவர் ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்தாராம், பக்கத்தில் பீரங்கிக் குண்டு விழுந்ததும்தான் இடம் மாறினாராம். ஆப்ரி சொன்ன கதை இது. ஆனால் அதே காலத்தில் லண்டனில் நடந்தது அவரை ரொம்பவே உடைத்துவிட்டது. மன்னரின் எதிரிகள் அவருடைய இருப்பிடத்தைச் சூறையாடினார்கள். பல வருஷ ஆராய்ச்சிக் குறிப்புகள், முக்கியமாகப் பூச்சிகளைப் பற்றியவை, போயே போய்விட்டன. பேக்கப் கிடையாது. தன் இழப்புகளிலேயே பெரியது இதுதான் என்று பிற்காலத்தில் வருந்தினார்.

அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே கோழி முட்டையை நாளுக்கொன்றாக உடைத்து, குஞ்சு எப்படி உருவாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். முட்டைக்குள் முதலில் தெரியும் உயிரசைவு, துடிக்கிற ஒரு சிவப்புப் புள்ளி. 1649-இல் மன்னரின் தலை வெட்டப்பட்டது. ஹார்வி எல்லாப் பதவியும் போய், தம்பிகள் வீட்டில் வந்து தங்கினார். தம்பி எலியாபோடு சேர்ந்து காபி குடிப்பார், லண்டனில் காபிக் கடைகள் வருவதற்கு முன்பே! 1651-இல் விலங்குகளின் பிறப்பு பற்றிய நூல் வந்தது. 1654-இல் மருத்துவர்கள் கல்லூரியின் தலைவர் பதவி தேடி வந்தது. வயதைக் காரணம் சொல்லி மறுத்துவிட்டார். 1657 ஜூன் 3, 79 வயதில் பக்கவாதம் தாக்கி இறந்தார். மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தில் வரும் கோளாறு அது.

அவர் பார்க்காத இணைப்பு

ஒரு விஷயத்தை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். ஹார்வியின் லூப்பில் ஒரு ஓட்டை இருந்தது. ரத்தம் தமனி வழியாகப் போகிறது, சிரை வழியாக வருகிறது. சரி. தமனியிலிருந்து சிரைக்கு எப்படித் தாவுகிறது? தேடித் தேடிப் பார்த்தார், கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை. எதிராளிகள் பிடித்துக்கொண்ட இடங்களில் இதுவும் ஒன்று.

கேலனின் துளைகளும் கண்ணுக்குத் தெரியாதவை, ஹார்வியின் இணைப்பும் கண்ணுக்குத் தெரியாதது. அப்போ இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? கதையைக் காப்பாற்றுவதற்காக வைத்தது கேலனின் துளை. கணக்கு வேறு வழியில்லாமல் கொண்டுவந்து நிறுத்திய இடம் ஹார்வியின் இணைப்பு. இவ்வளவு ரத்தம் இந்தப் பக்கம் போகுது, இவ்வளவு ரத்தம் அந்தப் பக்கம் வருது, அப்போ நடுவில் வழி இருந்தே ஆகணும்.

1661-இல் இத்தாலியில் மால்பிகி, தவளையின் நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மெல்லிய நூல் வலை மாதிரித் தந்துகிகள். ஹார்வி சொன்ன இடத்தில், சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தன. ஹார்வி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமெடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ரென், பிற்காலத்தில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே ரென், 1656-லேயே நாயின் சிரைக்குள் மருந்து செலுத்திப் பார்த்திருந்தார். 1733-இல் ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாய் பொருத்தி, ரத்தம் எட்டு அடிக்கும் மேல் ஏறியதை வெளியிட்டார். நம்ம லேபில் இருக்கிற பீசோமீட்டர்தான். இன்றைக்குக் கையில் ஏறும் டிரிப்ஸ், பிபி மெஷின், டயாலிசிஸ், பைபாஸ், எல்லாமே ரத்தம் சுற்றி வருகிறது என்ற அந்த ஒற்றை வரியின் மேல் நிற்கிறது.

நண்பர்களே, ஹார்வியிடம் மைக்ராஸ்கோப்பை நம்பிய வேலை எதுவும் இல்லை, பிரஷர் கேஜ் இல்லை, ஃப்ளோ மீட்டர் இல்லை. ஒரு கயிறு, இரண்டு விரல், ஒரு பெருக்கல் கணக்கு. நம்மிடம் இன்றைக்கு ஆய்வகம் இருக்கு, சாஃப்ட்வேர் இருக்கு. ஆனா ரெக்கார்டு நோட்டில் ரீடிங் சரியா வரலைன்னா சீனியர் நோட்டைப் பார்த்து மாத்திடுறோம். அடுத்த தடவை ரீடிங் புத்தகத்தோடு ஒத்துப்போகலைன்னா, அழிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்க. பெரும்பாலும் தப்பு நம்ம மேலதான் இருக்கும், அதையும் கண்டுபிடிச்சுக்கலாம். எப்போதாவது ஒரு தடவை, தப்பு புத்தகத்தின் மேலும் இருக்கலாம்.